அண்டை வீட்டுப் பெசஹா

(மட்டாஞ்சேரியில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் கூட்டத்தில், தவக்காலத்தின் இறுதி நாட்களில் ஆற்றிய உரை)



வருகிற சனிக்கிழமை நம் தெருவில் கொழுக்கட்டை மணக்கும். பிள்ளையார் சதுர்த்திக்கு இன்னும் எத்தனையோ மாதம் இருக்கிறது. இது சுரியானிக் கிறிஸ்தவர் வீட்டுக் கொழுக்கட்டை. குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாளை அவர்கள் கொழுக்கட்டைச் சனி என்றே சொல்கிறார்கள். அரிசி மாவைப் பிசைந்து, தேங்காய்த் துருவலும் வெல்லமும் உள்ளே வைத்து, உருட்டி ஆவியில் வேக வைப்பது. நம் பூரணக் கொழுக்கட்டையேதான். ஐம்பது நோன்பின் கடைசி வாரத்துக்குள் அந்த இனிப்போடு நுழைகிறார்கள். பிறகு குருத்தோலை, பெசஹா வியாழன் எனும் பெரிய வியாழன், துக்க வெள்ளி, உயிர்ப்பு ஞாயிறு என்று நாட்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன.

அந்த மதத்தைச் சேராத நாம், வெளியூரிலிருந்து வந்து குடியேறிய நாம், அந்த வாரத்தில் எங்கே நிற்க வேண்டும்? இதைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன். வாடகைப் பத்திரமும் ரேஷன் கார்டும் நமக்கு ஓர் ஊரில் முகவரி வாங்கித் தரும். அந்த ஊரின் மனிதர்களாக நம்மை ஆக்குவது அண்டை வீட்டுத் திருநாள். விருந்துக்குப் போனால் மட்டும் போதாது, வேலைக்கும் போக வேண்டும். கதவு சாத்தியிருக்கும் நேரத்தில் அதைத் தட்டாமல் இருக்கவும் தெரிந்திருக்க வேண்டும். இந்த ஊரில் வாழ்ந்துதான் இதைக் கற்றேன் என்பதால் இந்த ஊரை வைத்தே சொல்கிறேன்.

மட்டாஞ்சேரியில் யார் வீட்டுக் கதையைக் கேட்டாலும் அது ஏதோ ஒரு பயணத்தில் போய் முடியும். 1567இல் கொச்சி மன்னர் தம் அரண்மனையை ஒட்டிய நிலத்தை யூதர்களுக்குக் கொடுத்தார். அடுத்த ஆண்டே பரதேசி ஜெப ஆலயம் எழுந்தது. இன்றும் அரண்மனைப் பழயன்னூர் பகவதி கோயிலுக்கும் அந்த ஆலயத்துக்கும் நடுவே இருப்பது ஒரு சுவர். கோவாவில் போர்ச்சுகீசியர் கெடுபிடிக்குத் தப்பி வந்த கொங்கணிகள் சேர்லாயில் திருமலைத் தேவனுக்குக் கோயில் கட்டினார்கள். குஜராத்திகளும் கச்சி மேமன்களும் சரக்கோடு வந்து தங்கிவிட்டார்கள். நம்மவர்களில் மூத்த குடி வண்ணார் குடும்பத்தினர். டச்சுப் படையினரின் சீருடை வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து கூட்டி வரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள், இன்றைக்கும் வேலியில் உள்ள டோபிக்கானாவில் கஞ்சி காய்ச்சுகிறார்கள், கொடிகட்டி உலர்த்துகிறார்கள், வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். இந்த அவையில் அவர்கள் முன்வரிசையில் இருப்பது எனக்குப் பெருமை. ஓணத்துக்கு உடுத்தும் முண்டும், பெருநாள் தொழுகைக்கு உடுத்தும் வெள்ளைச் சட்டையும், உயிர்ப்பு ஞாயிறுக்கு உடுத்தும் சட்டையும் முண்டும் அவர்கள் கை பட்டுத்தான் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் தேவாலயத்துக்கும் போகின்றன. திருநாளின் வேலையில் பங்கெடுப்பது என்று நான் சொல்வதை அவர்கள் பல தலைமுறையாகச் செய்து வருகிறார்கள்.

நான் கல்யாணமாகி இங்கே வந்தபோது எனக்கு மலையாளம் படிக்கத் தெரியாது. என் கணவருக்கு ஒரு மிளகுக் கிடங்கில் கணக்கு வேலை. பகல் முழுவதும் வீட்டில் தனியாக இருப்பேன். பக்கத்து வீட்டு அம்மச்சி பெரிய வியாழன் காலையில் மதில் மேலாக எட்டிப் பார்த்து, "மோளே, தேங்காய் துருவ வருவியா?" என்று கேட்டார். விருந்துக்கு அழைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். வேலைக்கு அழைத்தவர் அவர் ஒருவர்தான். அந்த அழைப்பு எனக்கு எவ்வளவு தேவைப்பட்டது என்பதை இங்கே புதிதாக வந்திருக்கும் பெண்கள் புரிந்துகொள்வார்கள்.

பெசஹாவுக்கு இரண்டு பண்டம் செய்வார்கள், அப்பமும் பாலும். அப்பத்துக்கு வறுத்த அரிசி மாவு வேண்டும். ஊறவைத்து அரைத்த உளுந்து வேண்டும். தேங்காய், சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம் சேர்த்து அரைத்த விழுது வேண்டும். எல்லாவற்றையும் கலந்து, கொஞ்சமும் புளிக்க விடாமல் உடனே ஆவியில் வைத்துவிட வேண்டும். எகிப்திலிருந்து இஸ்ரவேலர் அவசரமாகப் புறப்பட்ட இரவில் மாவு புளிக்க நேரமில்லாமல் போனது என்பது விவிலியக் கதை. அந்த அவசரத்தின் நினைவு இங்கே உளுந்திலும் அரிசியிலும் தங்கியிருக்கிறது. அப்பத்தின் நடுவில், போன ஞாயிறு கோயிலில் கிடைத்த குருத்தோலையைக் கிழித்துச் சிறு சிலுவையாக வைப்பார்கள். பாலுக்கு வெல்லப்பாகு, இரண்டாம் தேங்காய்ப்பால், கெட்டியாக்கக் கொஞ்சம் அரிசி மாவு, இறக்கும்போது முதல் பால், சுக்கு, ஏலம். என் வேலை தேங்காய் துருவுவதும் பால் பிழிவதும். நம் ஊரில் ஆடிப்பால் காய்ச்சும் வீட்டில் பிறந்தவள் நான். அந்த அடுப்படியில் எனக்குத் தெரியாத மணம் எதுவும் இருக்கவில்லை.

இரவு ஜெபத்துக்குப் பிறகு வீட்டின் மூத்தவர் அப்பத்தை வெட்டி, வயது வரிசைப்படி ஒவ்வொருவர் கையிலும் கொடுப்பார். அந்த நேரத்துக்கு முன்பே நான் என் வீட்டுக்கு வந்துவிட்டேன். அம்மச்சி என்னைப் போகச் சொல்லவில்லை. ஆனால் அவர் மருமகள் கதவை மெல்லச் சாத்தத் தொடங்கியபோது, அது அவர்கள் குடும்பத்தின் நேரம் என்று விளங்கியது. கொஞ்ச நேரத்தில் அந்த மருமகளே வந்து ஒரு பாத்திரத்தில் பாலும் அப்பமும் கொடுத்தாள். அந்த அப்பத்தில் சிலுவை இல்லை. குருத்தோலைச் சிலுவை வைத்த அப்பத்தைப் பல வீடுகளில் ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு மட்டுமே கொடுப்பார்கள் என்றும், அக்கம்பக்கத்துக்கென்றே வேறு அப்பம் சுடுவார்கள் என்றும் பிறகு தெரிந்துகொண்டேன்.

இதைக் கேட்டு வருத்தப்படுகிறவர்கள் உண்டு. என் உறவினர் ஒருவர், "தேங்காய் துருவ மட்டும் நீ வேணும், அப்பத்துக்கு நீ வேண்டாமா?" என்று கேட்டார். நான் அதை அப்படிப் பார்க்கவில்லை. நமக்கென்று தனியாக ஓர் ஈடு அப்பம் அந்த அடுப்பில் வெந்திருக்கிறது. தங்களுக்குப் புனிதமானதை எந்த எல்லைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை அந்த வீட்டுக்கு உண்டு. அந்த எல்லைக்கு வெளியே நிற்பவர்களையும் மறக்காமல் மாவு கரைத்தார்களே, அதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

இன்னொரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். அந்த வாரத்தின் எல்லா வழக்கங்களிலும் என் மனத்துக்கு மிக நெருக்கமானது இதுதான். ஓராண்டு அந்த வீட்டுப் பெரியவர், அப்பச்சன், காலமானார். சாவு நடந்த வீட்டில் அந்த ஆண்டு பெசஹா அப்பம் சுடுவதில்லை. நாமும் துக்கம் நடந்த ஆண்டில் தீபாவளி, பொங்கல் கொண்டாடுவதில்லை. உறவினர் பலகாரம் கொண்டுவந்து கொடுப்பார்கள். இங்கேயும் அப்படித்தான். வியாழன் மாலை உறவினரும் அண்டை அயலாரும் அப்பத்தோடும் பாலோடும் அந்த வீட்டுக்கு வந்தார்கள். அடுப்பு மூட்டாத வீட்டில் மேசை நிறைந்துவிட்டது. துக்கத்தில் இருப்பவரைத் திருநாளிலிருந்து விலக்கி வைக்கும் அதே மரபு, அவர் பங்கைச் செய்து கொண்டுபோகும் கடமையை மற்றவர் தலையில் வைக்கிறது. அண்டை வீட்டார் இல்லாமல் நடக்கவே முடியாதபடி ஒரு திருநாளை அமைத்திருக்கிறார்கள். இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் எந்த மதத்திலும் பார்த்ததில்லை.

நான் அப்பம் சுடவில்லை, அது என் உரிமையும் அல்ல. அந்த ஆண்டு துக்க வெள்ளிக் கஞ்சியும் பயறும் என் வீட்டிலிருந்து போயின.

கதவு சாத்தும் நாட்களையும் திறக்கும் நாட்களையும் பற்றிப் பேசினால் நம் யூதத் தெருவுக்குப் போகாமல் முடியாது. நேதன் கட்ஸ், எலன் கோல்ட்பெர்க் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1980களில் அங்கே வந்து தங்கி, ஒரு முழு ஆண்டின் பண்டிகைகளைக் கண்டு எழுதினார்கள். அவர்களும் வெளியிலிருந்து வந்தவர்கள்தான். கொச்சி யூதர்களின் பாஸ்கா (அவர்களுடைய பெசஹா) ஏற்பாடு அந்நாளில் மாதக்கணக்கில் நடக்கும் என்பதை அவர்கள் விரிவாகச் சொல்கிறார்கள். வீட்டுக்கு வெள்ளையடிப்பார்கள். கிணற்று நீரை இறைத்துத் தேய்த்துக் கழுவுவார்கள். அரிசியையும் மசாலாப் பொருட்களையும் மணிமணியாகப் பார்த்துச் சுத்தம் செய்வார்கள். புளித்த மாவின் சுவடு எங்கும் இருக்கக் கூடாது. அந்த நாட்களில் அயலாரோடு கலப்பதையும் குறைத்துக்கொள்வார்கள். இந்தக் கட்டுப்பாட்டில் நம்பூதிரிகளின் ஆசாரத்துக்கு ஒப்பான ஒன்றை அந்த ஆய்வாளர்கள் கண்டார்கள். ஊரின் மேன்மக்கள் எப்படி விலகி நின்று தூய்மை காத்தார்களோ, அப்படியே இவர்களும் காத்தார்கள் என்பது அவர்கள் வாதம்.

ஆனால் அதே தெருவில் அந்நாளில் மழைக்காலம் ஓய்ந்து சிம்ஹத் தோரா என்ற திருவிழா வரும்போது எல்லாம் மாறிவிடும். ஆலயம் முழுக்கப் பட்டுத் திரைகளும் தேங்காயெண்ணெய் விளக்குகளும் தொங்கும். பொன்னும் வெள்ளியும் பூண்ட பேழைகளில் தோரா என்னும் தங்கள் மறைநூலின் சுருள்களை ஏந்தி, கொச்சிக்கே உரிய முறையில் ஆலயத்துக்கு வெளியேயும் வலம் வருவார்கள். 1805இல் திருவிதாங்கூர் மன்னர் கொடுத்த பொன்முடியும் அந்த ஆலயத்தின் செல்வத்தில் ஒன்று. ஊரார் வந்து பார்ப்பார்கள். ஒரே சமூகம் வசந்தத்தில் கதவைச் சாத்தி, இலையுதிர் காலத்தில் அகலத் திறந்தது. அந்த இரண்டையும் அறிந்து நடந்தவர்கள்தான் அவர்களுக்கு அயலாராக இருந்தார்கள்.

இன்று அந்தத் தெருவில் யூதக் குடும்பங்கள் இல்லை என்றே சொல்லலாம். 1950கள் தொடங்கிப் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் புறப்பட்டார்கள். வயது வந்த ஆண்கள் பத்துப்பேர் கூடினால்தான் முழு வழிபாடு நடக்கும் என்பது அவர்கள் விதி; அந்தப் பத்துப்பேர் இப்போது அங்கே இல்லை. 2019இல் சாரா கோகன் அம்மையார் 96 வயதில் காலமானார். யூதர் தலையில் அணியும் சிறு தொப்பிகளுக்கும் அப்பம் மூடும் துணிகளுக்கும் பூவேலை செய்து விற்றவர். முதுமையில் அவரைக் கவனித்துக்கொண்டவரும், அவருக்குப் பிறகு அந்தக் கடையை அவர் பெயரிலேயே காத்து வருகிறவரும் தாஹா இப்ராஹிம் என்ற முஸ்லிம். ஒரு சமூகமே ஊரைவிட்டுப் போன பிறகும் அதன் நினைவுக்கு இங்கே ஓர் ஆள் இருக்கிறார். ஆண்டு முழுவதும் அருகில் நின்றவருக்குத்தான் இது இயலும். பண்டிகைக்கு மட்டும் வந்துபோனவரால் முடியாது.

இப்படிக் கலந்து வாழ்வதை அதிகாரத்தில் இருந்தவர்கள் எப்போதும் விரும்பவில்லை. 1599இல் கோவாவின் பேராயர் மெனேசஸ், இங்கிருந்து தொலைவில்லாத உதயம்பேரூரில் ஒரு சங்கம் கூட்டினார். கேரளக் கிறிஸ்தவர்களை ரோமாபுரியின் கட்டுக்குள் கொண்டுவருவது அதன் நோக்கம். ஓணம் போன்ற அயலாரின் விழாக்களில் கிறிஸ்தவர்கள் கலந்துகொள்ளக் கூடாது என்றும் அங்கே கட்டளை பிறந்தது. நான் அந்தக் கட்டளையை ஒரு சான்றாக வாசிக்கிறேன். ஓணக்களியில் கிறிஸ்தவர்கள் இருந்ததால்தானே தடை போட வேண்டியிருந்தது! 54 ஆண்டுகள் கழித்து, 1653 ஜனவரி 3இல், இதே மட்டாஞ்சேரியில் அந்தக் கிறிஸ்தவர்கள் ஒரு கற்சிலுவையில் கயிறுகள் கட்டி, கையெட்டாதவர்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, அந்த ஆதிக்கத்துக்கு இனிப் பணிய மாட்டோம் என்று சத்தியம் செய்தார்கள். அத்தனை பேர் இழுத்த பாரத்தில் சிலுவை வளைந்தது என்பது ஊர் நம்பிக்கை. கூனன் குரிசு என்ற பெயர் இன்றும் இருக்கிறது. ஓணத்தை யாரும் விடவில்லை என்பதை இந்த அவைக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கடல் தாண்டி வந்தவர்களில் அர்ணோஸ் பாதிரியாரை நினைக்காமல் இந்த வாரம் கழியாது. 1681இல் ஜெர்மனியில் பிறந்த அவர் நம் வீரமாமுனிவரின் காலத்தவர், அவரைப் போலவே இயேசு சபைத் துறவி. அங்கமாலியைச் சேர்ந்த நம்பூதிரி நண்பர்களிடம் சமஸ்கிருதம் கற்றார். பிறகு மலையாளத்தில் இயேசுவின் வாழ்வைப் 'புத்தன்பான' என்ற காவியமாகப் பாடினார். பூந்தானம் கண்ணனைப் பாடிய ஞானப்பானையின் அதே பாட்டு முறையை அதன் பெரும்பகுதிக்கு எடுத்துக்கொண்டார். மகனை இழந்த மரியாவின் புலம்பல் அதில் ஒரு பகுதி. துக்க வெள்ளி வரும் வாரத்தில் வீட்டுப் பெண்கள் அதை இன்றும் பாடுகிறார்கள். அம்மச்சிக்கு முழுதும் மனப்பாடம். ஒப்பாரி கேட்டு வளர்ந்த நமக்கு அந்த இசையை யாரும் விளக்க வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் இந்த ஊரின் கிருஷ்ண பக்தரிடமிருந்து பாட்டை வாங்கி, இந்த ஊர்த் தாய்மாருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். 1732இல் அவர் இறந்தது கேரளத்தில்தான், பழுவிலில் அடக்கமானார்.

நம் பிள்ளைகளும் உறவினரும் இன்று இதைவிடத் தொலைவில் இருக்கிறார்கள். என் தங்கை மகள் பிரான்சில் குடியேறியவள். அங்கே பெரிய வியாழனிலிருந்து தேவாலய மணிகள் ஒலிப்பதில்லை. மணிகள் ரோமாபுரிக்குப் பறந்துவிட்டன, உயிர்ப்பு ஞாயிறன்று திரும்பி வரும் வழியில் தோட்டமெங்கும் முட்டைகளைப் போட்டுவிட்டுப் போகும் என்று குழந்தைகளுக்குச் சொல்வார்கள். நம் ஊர்த் தேவாலயங்களிலும் அந்த நாட்களில் மணிக்குப் பதிலாக மரக்கட்டையைத்தான் தட்டுகிறார்கள். மேல்மாடி பிரெஞ்சுப் பாட்டி அவள் பிள்ளைகளைச் சாக்லேட் முட்டை தேடக் கூப்பிட்டார். மதிய விருந்தில் ஆட்டுத்தொடை இறைச்சி, இவள் சைவம். போகலாமா என்று என்னிடம் கேட்டாள். முந்தின நாளே போய் முட்டைகளை ஒளித்து வைக்க உதவு, மறுநாள் காய்கறி மட்டும் எடுத்துக்கொள் என்றேன். அப்படியே செய்தாள். அதே பிரான்சில், பாரிஸின் லா ஷாப்பெல் பகுதியில், ஈழத்திலிருந்து போனவர்கள் மாணிக்க விநாயகர் தேரை ஆண்டுதோறும் தெருவில் இழுக்கிறார்கள். தேங்காய் உடையும் அந்தத் தெருவின் ஓரத்தில் பிரெஞ்சுக்காரர்கள் பிள்ளைகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். இரண்டு பக்கமும் போக்குவரத்து இருந்தால்தான் அது அயல்.

அப்படியானால், நாம் இந்த ஊருக்குக் கொடுக்கக்கூடியது என்ன? இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தேன்.

கொச்சிக் கடற்கரையின் லத்தீன் கத்தோலிக்கர் சவிட்டுநாடகம் ஆடுகிறார்கள். கிரீடமும் ஒளிரும் அங்கியும் அணிந்த வீரர்கள் மரமேடை அதிரக் காலால் மிதித்து ஆடுவார்கள். அவர்களுடைய தலைசிறந்த நாடகம் 'காறல்மான் சரிதம்'. காறல்மான் என்பவர் கி.பி. 800இல் ரோமாபுரியில் முடிசூடிய பிராங்கிய மன்னர் சார்லமேன். பிரெஞ்சுக்காரர் நூற்றாண்டுகளாகக் கொண்டாடும் வீரன் ரோலானும் இதில் வருகிறான். அந்தப் பிரெஞ்சுக் கதை போர்ச்சுகீசியர் வழியே இங்கே வந்தது, ஆடப்படும் மொழியோ தமிழ்! மலையாளம் கலந்த தமிழ். ஆக்கியவர் சின்னத்தம்பி அண்ணாவி என்ற தமிழர் என்று மரபு சொல்கிறது. கடற்கரை ஊர்களில் தங்கி, மீனவர்களுக்கு அடவும் பாட்டும் கற்றுக்கொடுத்தாராம். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் இன்றும் கூத்துப் பழக்குபவரை அண்ணாவியார் என்கிறார்கள். அந்த மரபின் ஒரு கிளை இங்கே அண்டை அயலாரின் தேவாலயப் பெருநாளுக்குத் தன் கலையைக் கொடுத்திருக்கிறது.

பறவூர் அருகே கோதுருத்து இந்தக் கலைக்குப் பெயர்போன ஊர். அங்கே பிறந்த சபீனா ராஃபி என்ற ஆசிரியை 1964இல் எழுதிய நூல் இதைப் படித்தவர் உலகத்துக்குக் கொண்டுவந்தது. இப்போது மாநிலப் பள்ளிக் கலோற்சவத்திலும் மாணவர்கள் ஆடுகிறார்கள். ஆனால் ஆடும் பிள்ளைகளில் பலருக்குப் பாட்டின் பொருள் தெரியாது. தமிழை மலையாள எழுத்தில் எழுதிவைத்துக் காதால் கேட்டு மனனம் செய்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக வாய்வழி வந்ததில் பல வரிகள் உருத்தெரியாமல் சிதைந்துவிட்டன. ஆசான்களில் சிலர் என்னிடம், இந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று கேட்டிருக்கிறார்கள். சிலவற்றுக்கு என்னால் சொல்ல முடிந்தது. சிலவற்றுக்கு இந்த அவையில் இருக்கும் மூத்த தமிழாசிரியர்களின் அறிவு வேண்டும்.

உயிர்ப்பு ஞாயிறு கழிந்த வாரத்தில் கோதுருத்துக்குப் போகத் திட்டமிட்டிருக்கிறேன். ஓர் ஆசான் தம் சுவடியோடு உட்கார ஒப்புக்கொண்டிருக்கிறார். நாம் பாடத்தை மாற்றப் போவதில்லை. அவர் பாடப் பாட, பொருளை மலையாளத்தில் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுக்கப் போகிறோம், அவ்வளவுதான். பழந்தமிழ்ச் சொற்கள் தெரிந்தவர்களும், மலையாளம் தடையில்லாமல் எழுதத் தெரிந்த இளையவர்களும் தேவை. வர விருப்பமுள்ளவர்கள் வாசலருகே மேசையில் இருக்கும் நோட்டில் பெயரும் எந்த நாள் தோது என்பதும் எழுதிவிட்டுப் போங்கள். வைப்பின் வழியாகப் பஸ்ஸில் போய்விடலாம். மதியச் சாப்பாடு ஆசான் வீட்டில்.